அக்காவைக் கூப்பிட்ட மோடம்

கிட்வே ஊரில், கபாசோ வீட்டு முன்னறையில் மஞ்சளேறிய பழைய கம்ப்யூட்டர் மேசையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான்கு மணிக்குள் மின்னஞ்சலில் சம்மதம் போகாவிட்டால் மகள் புப்பேயின் கல்லூரி இடம் பறிபோகும்; இப்போது மூன்றே முக்கால். கபாசோ இணைய எண்ணை அடிக்கிறார். போன் லைன் வழியே இணையத்தைப் பிடிக்கும் மோடம் கீச்சிடுகிறது. சத்தியமாக, சுவர்ப் பல்லி வாலை விட்டுவிட்டு ஓடுவதை அடுத்த வீட்டுக்காரனான நான் பார்க்கிறேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வெடிக்கிறது: “எந்தக் கழுதை அது, காதுக்குள்ள கீச்சுங்குறது?” அப்பாவின் சைக்கிளுக்காகச் சண்டை போட்டு, மூன்று வருடமாகக் கபாசோ பேசாத அக்கா ஃபெலிஸ்டஸ்! இணைய எண்ணுக்கும் அக்காவின் எண்ணுக்கும் முதல் பாதி ஒன்று. மீதியை விரல்கள் பழைய பழக்கத்தில் அடித்திருக்கின்றன. கபாசோ போனை எடுத்து, “வைங்கக்கா, அவசரம்!” என்று கத்துகிறார். “ஓ, நீயாடா? மூணு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு, என்னையே வைக்கச் சொல்றியா?” கபாசோ டொக்கென்று வைக்கிறார். எண்ணைத் திருத்துவதற்குள் போன் அடிக்கிறது. எடுத்து வைக்கிறார். மறுபடி அடிக்கிறது; கோபத்தில் அது மேசையைவிட்டு ஒரு விரற்கடை எம்பியே குதிக்கிறது. நான்காக இன்னும் ஆறு நிமிடம். புப்பே போனைப் பிடுங்குகிறாள். “அத்தை, என் காலேஜ் போகுது! லைனை விடுங்க!” “அதை அந்த முட்டாள் முதல்லயே சொல்றதுக்கென்ன? வெச்சுடறேன். நாலரைக்கு அவனைப் போன் பக்கத்துலயே உட்காரச் சொல்லு. நான் இன்னும் பாதிகூடத் திட்டல.”