இறங்க அனுமதி

வெளிநாட்டுப் பாய்மரப் படகு எது போர்ட் பிளேருக்கு வந்தாலும் மஞ்சள் கொடியை ஏற்றிவைத்துக் காத்திருக்க வேண்டும். சுங்க அதிகாரி திருநாவுக்கரசு ஏறிப் பார்த்து, "இறங்கலாம்" என்று சொன்ன பிறகுதான் கொடியை இறக்கிவிட்டுக் கரையில் கால் வைக்க முடியும்.

அன்று வந்த வெள்ளைக்காரர் தன்னந்தனியாக உலகம் சுற்றுபவர். "நீங்கள் வராமலே இருந்துவிட்டால்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"காத்திருக்க வேண்டியதுதான்."

முத்திரை விழுந்தது. மஞ்சள் கொடி இறங்கியது.

திரும்பும்போது லாஞ்ச் படகை ஓட்டும் அல்போன்ஸ், "பொங்கலுக்காவது மெயின்லேண்ட் போயிட்டு வாங்க சார். இன்னும் எத்தனை நாள் இப்படி அகேலாவா, ஒத்தையில கிடப்பீங்க?" என்றார்.

கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் திருநாவுக்கரசுக்கு யாரும் இல்லை. அவரோடு குடும்பம் நடத்தக் கப்பலேறிய மனைவி இந்திராணி பாதி வழியில் காய்ச்சலில் போய்விட்டாள். கட்டியிருந்த மஞ்சள் புடவையோடே கடலில் விட்டுவிட்டதாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. பூட்டிய கேட் பூட்டியபடியே இருந்தது. கொல்லையில் துணி காயப்போடும் கயிற்றில் ஒரு மஞ்சள் புடவை தொங்கியது. காற்றே இல்லை. ஆனாலும் அது படபடத்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தார், ஈரம். விரலை நாக்கில் வைத்தார், உப்புக் கரித்தது.

திருநாவுக்கரசு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இறங்கலாம்," என்றார். "வா, இறங்கலாம்."

புடவை கயிற்றிலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கியது.