பின்பக்க அறை

“இந்த ரூமே போதும். அம்மாவுக்கு எதுக்கு வெளிச்சம்?” என்றாள் கரீன். மெத்தையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

புரூஜ் நகரத்தில், கால்வாய் ஓரமாக, ஒரு குடும்பம் நடத்திவரும் சின்ன ஹோட்டல் அது. அந்தப் பின்பக்க அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் செங்கல் சுவர்தான். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

“முன்பக்கம் ஒண்ணு காலி இருக்கு மேடம். கால்வாய் தெரியும்,” என்றார் முதலாளி அல்பெரிக்.

“தெரியறதோட நாறவும் செய்யும். இதுவே இருக்கட்டும்.”

கரீனும் அவள் கணவன் டிர்க்கும் தங்கள் ஊரான ஆல்ஸ்ட்டிலிருந்து காரில் வந்திருந்தார்கள். பின் சீட்டில் அம்மா கோடலீவா. அடுத்த வாரம் முழுக்க அம்மா இங்கே தங்குவதாக ஏற்பாடு. அதை நேரில் பார்த்துப் பேசி முடிக்கத்தான் இந்தப் பயணம்.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு எப்போது மனசு சரியில்லை என்றாலும் இந்த ஹோட்டல்தான். இந்த வருஷம் அது மாதத்துக்கு இரண்டு தடவையாகிவிட்டது. இத்தனை பெரிய ஹோட்டல்கள் இருக்கும் ஊரில் இந்தப் பொந்தில் என்னத்தைக் கண்டாளோ என்று கரீனுக்கு இளக்காரம்.

மாடியிலிருந்து இறங்கும்போது டிர்க் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டான். “இது படிக்கட்டா, ஏணியா? கைப்பிடிக்குப் பதிலா மாடு கட்டற கயிறு வேற.”

“நானூறு வருஷத்துப் படி சார்.”

“அதான் தெரியுதே. நானூறு வருஷமா எவனும் கை வெக்கல.”

கீழே முன்னறையில் புதுத் திரைச்சீலை தொங்கியது. பச்சைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூ. கரீன் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

“இதை யாரு தேடிப் பிடிச்சது? கண்ணு தெரியாதவங்களா?”

“வீட்டுக்காரி. போன மாசம்தான் மாத்தினா.”

“ரசனையே இப்படின்னா, சமையல் எப்படி இருக்கும்?” என்று டிர்க்கைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். அல்பெரிக், காப்பி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார்.

கோடலீவா கோட்டைக் கழற்றினாள். விருந்தினர் மாட்டுவதற்கென்று வாசலிலேயே ஸ்டாண்ட் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய், சமையலறைக் கதவுக்குப் பின்னால் எங்கோ மாட்டப் போனாள்.

கரீன் கணவனை முழங்கையால் இடித்தாள். “பாத்தியா? கோட்டை எங்க மாட்டணும்னுகூடத் தெரியல. மூளை கழண்டாச்சு. நான் சொன்னா நீ நம்பலையே.”

“நான் எங்க நம்பலைன்னேன்? இல்லத்துலதான் இடம் பிடிச்சாச்சே.”

திட்டம் தயாராக இருந்தது. அம்மா இங்கே இருக்கும் வாரத்தில் ஆல்ஸ்ட் வீட்டைக் காலி செய்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை வந்து காரில் ஏற்றி, வீட்டுக்குப் போகாமல் நேராக முதியோர் இல்லம். போய் இறங்கிய பிறகு அம்மாவிடம் சொல்லிக்கொண்டால் போதும்.

“அழுது ஊரைக் கூட்டுவாங்களே அத்தை,” என்றான் டிர்க்.

“அங்க எல்லாக் கிழங்களும்தான் அழும். யாரு கவனிக்கப் போறா?”

கோடலீவா திரும்பி வந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே அல்பெரிக் காப்பியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். கரீன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“கேட்டுக்கோங்க. அம்மாவுக்கு உப்பு கூடாது. சாயங்காலத்துக்கு மேல வெளிய விடாதீங்க. மத்தவங்க கூட உக்காந்து அரட்டை அடிக்க விடாதீங்க. ஏதாவது உளறி வெச்சு நாலு பேரு சிரிப்பாங்க.”

“சரி மேடம்.”

“சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவாங்க. கண்டுக்காதீங்க. நாங்களும் கண்டுக்கறதில்ல.”

“சரி மேடம்.”

கோடலீவா பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பதே காதில் விழாதது போல.

“அப்ப திங்கட்கிழமையிலேருந்து அந்தப் பின்பக்க ரூம். முடிச்சிடுங்க,” என்று கரீன் எழுந்தாள்.

அல்பெரிக் தயங்கினார். “அது என் கையில இல்ல மேடம். யாருக்கு எந்த ரூம்னு வீட்டுக்காரிதான் சொல்லணும்.”

“இதுக்குக்கூட பொண்டாட்டியைக் கேக்கணுமா? நல்ல முதலாளி. சரி, கூப்பிடுங்க அவங்களை. அந்தத் திரைச்சீலையைப் பத்தியும் நானே மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போறேன்.”

அல்பெரிக் யாரையும் கூப்பிடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

கோடலீவா கோப்பையைக் கீழே வைத்தாள். மடியில் விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டாள்.

“அந்த இல்லத்துலேருந்து போன வாரம் எனக்கே போன் பண்ணினாங்க, கரீன். எனக்கு வேண்டாம், வேற யாருக்காவது குடுங்கன்னு சொல்லிட்டேன். ஆல்ஸ்ட் வீட்டை என்ன பண்றதுன்னு நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு சாமானையும் தொட வேண்டாம்.”

கரீனுக்கு முகம் வெளுத்தது. டிர்க் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னம்மா உளறறே? வீட்டையும் விட மாட்டே, இல்லத்துக்கும் வர மாட்டேன்னா, உன்னை யாரு வெச்சுப் பாத்துப்பா?”

கோடலீவா அல்பெரிக் பக்கம் திரும்பினாள்.

“பின்பக்க ரூமை வேற யாராவது வந்தாக் குடுங்க. நான் நம்ம ரூம்லயே படுத்துக்கறேன்.”