கிளிப்பச்சை சுடிதார்

"இந்த சுடிதாரைத்தான் போடணும்னு காலையில இருந்து ஏம்மா உயிரை வாங்குனே?"

"இதுலதான் உன்னை எந்தக் கூட்டத்துலயும் கண்டுபிடிக்க முடியும்."

திருவூடல் தெருவில் மாட்டுப் பொங்கல் கூட்டம் நெரிந்தது. தேவிப்ரியா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். கிளிப்பச்சை சுடிதார், முதுகில் வாடாமல்லி நிறத்தில் பட்டு பார்டர். புடவையில் மீந்த துண்டை வீணாக்க மனசில்லாமல் அம்மா ஆதிலட்சுமி தன் கையால் தைத்தது. வேங்கிக்காலில் டெய்லர் கடை போட்டு, மகளை இன்ஜினியராக்கி சென்னைக்கு அனுப்பியவள் அவள். இப்படி ஒரு சுடிதார் ஊர் உலகத்தில் வேறு எவளிடமும் கிடையாது. எவளும் போடவும் மாட்டாள்.

"யாரும்மா என்னைக் கண்டுபிடிக்கணும்?"

"வந்தா தெரியும். பஸ் அப்பவே செஞ்சி தாண்டிடுச்சாம்." அம்மா போனைப் பார்த்தாள். "தலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோ. பேய் மாதிரி நிக்காத."

தேவிப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது. முந்தின வருஷம் தீபத்தின்போதும் இதே கதைதான். அகல் விளக்கு வாங்கலாம் வா என்று கூட்டிப்போனாள். விளக்குக் கடையில் ஒரு குடும்பமே நின்று இவளை ஏற இறங்கப் பார்த்தது. சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு விட்டுவிடுவார்கள். இவர்கள் நடந்து காட்டச் சொன்னார்கள்.

"ஆளு எப்படி?" என்றாள் நக்கலாக.

"நல்ல படிப்பு, நல்ல வேலை. கோபம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. உனக்கு மட்டும் இன்னா கம்மியா?"

"பேசி முடிச்சாச்சா?"

"பத்து நாளா பேசிட்டுத்தான் இருக்கேன். போனை எடுத்தா ஒரே அழுகை."

"என்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே அழுவுறானா? வெவரமானவன்தான்!"

"வாயை மூடு. சாமி வருது."

மேளம் காதைப் பிளந்தது. அண்ணாமலையாரைச் சுமந்தவர்கள் முன்னால் வர வர, உண்ணாமுலையம்மனைச் சுமந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். சமாதானம் பேச வந்த சுந்தரர் நடுவில் மாட்டிக்கொண்டு அல்லாடினார்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாரு, எப்படிக் கோச்சுக்குதுனு! அம்மனைக் கண்டுக்காத முனிவருக்குப் போய் சாமி காட்சி குடுத்துட்டாரு. கூட இருக்கறவளை விட்டுக்குடுத்தா எவளுக்குத்தான் கோபம் வராது?"

தேவிப்ரியாவுக்கு எங்கேயோ சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"திருவூடலைக் கண்டா மறுவூடல் இல்லைனு சொல்வாங்க. ஆனா ஜோடியா நின்னு பாக்கணும்," என்றாள் அம்மா, திரும்பவும் போனைப் பார்த்து. "அதான் வரச் சொன்னேன்."

ஜோடியாகவா? இன்றைக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார்கள், நாளைக்குப் பூ வைப்பார்கள், தை முடிவதற்குள் தாலி கட்டிவிடுவார்கள். படித்த படிப்பு, போகிற வேலை எதுவும் அப்புறம் காப்பாற்றாது. தேவிப்ரியா மேளத்தை நம்பிக் கத்தினாள்.

"அம்மா! எனக்கு எந்த ஆம்பளையும் வேணாம்! எனக்குப் பொண்ணுங்களைத்தான் புடிக்கும்!"

அந்த நேரம் பார்த்து மேளம் நின்றது. பாதித் தெரு திரும்பிப் பார்த்தது.

பின்னாலிருந்த பெரியவர் எரிச்சலாகச் சொன்னார்: "யாரை வேணா புடிச்சுக்கோம்மா. முதல்ல தலையை நகத்து, சாமி தெரியல."

அம்மா அறைவாள் என்று தேவிப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் கையும் உயர்ந்தது. ஆனால் அவள் கன்னத்துக்கு வரவில்லை.

"இங்க! இங்க! பச்சை சுடிதார் தெரியுதா? சீக்கிரம் வா, சாமி கிளம்பிடப் போவுது!"

கூட்டத்தை இடித்துக்கொண்டு, தோளில் பையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள் மணிமொழி. சென்னையில் தேவிப்ரியாவோடு ஒரே வீட்டில் இருப்பவள். அம்மாவிடம் வெறும் ரூம்மேட் என்று சொல்லி வைத்திருந்தவள். 'பொங்கலுக்குக்கூட உங்க வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டே, இல்ல?' என்று சண்டை போட்டு, அன்றிலிருந்து பேச்சை நிறுத்தியவள்.

"ஆட்டோ கிடைக்கலங்க அத்தே," என்றாள் மணிமொழி. தேவிப்ரியாவை மட்டும் பார்க்கவில்லை.

"அத்தையா? அம்மா... உனக்கு எப்படி..."

"ஜூன் மாசம் டிவில காட்டினானே, வானவில் கொடி புடிச்சுக்கிட்டு ஊர்வலம். இவ தைரியமா மூஞ்சியைக் காட்டிட்டு நடந்தா. இவ கையைக் கோத்துக்கிட்டு ஒருத்தி மாஸ்க் போட்டுக்கிட்டு நடந்தா."

ஆதிலட்சுமி இருவரையும் இழுத்து, சாமி நன்றாகத் தெரிகிற இடத்தில் சேர்த்து நிறுத்தினாள்.

"மூஞ்சிக்கு மாஸ்க் போட்டே, சரி. நான் தெச்ச சுடிதாருக்கு எதைப் போட்டுடி மூடுவே?"