அத்தி மரத்துக்கு ஒரு தடை உத்தரவு

“மிஷினை நிறுத்துங்க! ஒரு கிளை கீழே விழுந்தாலும் நீங்க கோர்ட்டுலதான் பதில் சொல்லணும்!”

அத்தி மரத்தின் பாதி உயரத்தில், இடுப்பில் கயிறு கட்டி நின்றிருந்த மரம் வெட்டுபவர் குனிந்து பார்த்தார். ஆள் நெட்டை என்பதால் எல்லோரும் அவரை ‘ஏணி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

கீழே ஒரு பெண். கழுத்தில் டேப் தொங்கியது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. ஓடுகிற ரம்பத்துக்கு நேர் கீழே வந்து நின்று, கையிலிருந்த காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தைரியத்தை மட்டும் ஏணி மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

இறங்கி வந்து வாங்கிப் பார்த்தார். கோர்ட் முத்திரை. தடை உத்தரவு.

“என்ன சார், கேஸ் இருக்குன்னு சொல்லவே இல்லையே?” என்று தன்னை வரவழைத்தவரைக் கேட்டார். அவர் ரிட்டயரான பஸ் டிரைவர்.

“எனக்கே இப்பதான் தெரியும்,” என்ற டிரைவர், தையல்காரம்மா பக்கம் திரும்பினார். “ஏம்மா, அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுட்டு, என் மேலயே கேஸ் போட்டுட்டியே?”

“வாயால சொன்னா கேட்டீங்களா? நான் வெளியே போன நேரம் பாத்து ஆளைக் கூட்டிட்டு வந்தது யாரு?”

“வேற என்னதான் பண்ணச் சொல்றே? வேரு அஸ்திவாரத்துக்குள்ள போயிடுச்சு. சுவத்துல விரல் நுழையற அளவுக்கு வெடிப்பு. எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல. நாளைக்குக் கூரை இறங்கிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?”

“சுவரு விழுந்தா கட்டிக்கலாம். மரம் விழுந்தா கட்டுவீங்களா?”

ஏணி எத்தனையோ மரச் சண்டை பார்த்தவர். கிளை நீண்டதற்கு மண்டை உடைந்த கதையெல்லாம் உண்டு. ஆனால், வீடு பிளந்த பிறகும் ‘வாம்மா, போம்மா’ என்று பேசுகிற இப்படி ஒரு மனிதரை இப்போதுதான் பார்க்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த மதில் செங்கல் குவியலாகக் கிடந்தது. எல்லை எங்கே என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

டிரைவர் வீட்டு ஜன்னலிலிருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது.

“தம்பி, அவ பேச்சைக் கேக்காதீங்க. வெட்டிடுங்க.”

கட்டிலில் படுத்திருந்தார் டிரைவரின் மனைவி. எழுந்து நடக்க முடியாதவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“நீங்க சும்மா இருங்கக்கா!” என்று அதட்டிய தையல்காரம்மா, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

ஏணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு நடிப்பு வேறு! கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். போகிற போக்கில் கேட்டே விட்டார்.

“கோர்ட்டே சொல்லிட்டா நான் என்ன செய்ய முடியும், கிளம்பறேன். ஆனா ஒண்ணு கேக்கறேம்மா. உங்க மரம் நல்லா இருக்கணும்னு இவங்க வீடு இடியணுமா? படுத்துக் கிடக்கறவங்களைப் பாத்தாவது மனசு இரங்க வேண்டாமா?”

தையல்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிரைவர்தான் பதறிப்போய் ஏணியின் கையைப் பிடித்தார்.

“ஐயோ, தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க தம்பி! மரம் எங்களோடது, இடியறது அவ வீடு. ‘படுத்த படுக்கையா இருக்கற அக்காவுக்குப் பாக்கறதுக்கு இந்த மரத்தை விட்டா வேற என்ன இருக்கு’ன்னு சொல்லி, எங்க மரத்தை நாங்களே வெட்ட முடியாதபடி தடை வாங்கிட்டு வந்து நிக்கறா!”