நோன்பு மாதத்துச் சோறு

"இன்னைக்கு நீ அடுப்பு மூட்டாத" என்றாள் மாமியார் ஹுசைன் பீ. காரணம் சொல்லவில்லை.

ஜாஹிதா பேகம் கையிலிருந்த விறகைத் திரும்பச் சுவரோரம் வைத்தாள்.

அது ரங்கூனில் அவளுக்கு இருந்த பெயர் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பர்மாக்காரியான அவளை அவள் புருஷன் ரியாசுதீன் தன் ஊரான செஞ்சியில் விட்டுவிட்டு, ரங்கூனில் இருக்கும் துணிக்கடையை விற்றுவிட்டு வருகிறேன் என்று கப்பல் ஏறினான். இந்த நோன்புப் பெருநாளைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

முந்தாநாள் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் அமைதியாக முடிந்தது என்று கடைத்தெரு ரேடியோ சொன்னது.

"பட்டாளத்துக்காரனும் வூட்டுக்குப் போனா கைலிதானே கட்டணும்? உன் வூட்டுக்காரருக்கு இனிமே யாவாரம்தான்" என்று பக்கத்து வீட்டு ராஜம்மாள் நேற்றுகூடக் கிண்டல் செய்தாள்.

இன்று மதியம் கொழுந்தன் அமீர் ஜான் தபாலாபீசிலிருந்து வந்தான். தாயிடம் ஏதோ சொன்னான். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான்.

நோன்பு திறக்கும் நேரத்தில் எதிர்வீட்டு முன்னி குண்டான் நிறையச் சோறு கொண்டுவந்தாள். அவள் பின்னாலேயே ராஜம்மாள் ரசத்தோடு வந்தாள். தெருமுனை வீட்டிலிருந்து பருப்பு வந்தது.

"இன்னாக்கா, எல்லார் வூட்டுச் சோறும் இங்கயே வருது?" என்று ஜாஹிதா சிரித்தாள்.

"நோன்பு மாசம் இல்ல? ரங்கூன்காரிக்குப் போட்டா ரெண்டு மடங்கு நன்மையாம். சாப்டு." முன்னியும் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது.

கொண்டுவந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. சுவரோரம் நின்று அவள் சாப்பிடுவதையே பார்த்தார்கள். ராஜம்மாளின் கண் அவள் கையில் கிடந்த கண்ணாடி வளையல்கள்மேல் போனது. சட்டென்று விலகிக்கொண்டது.

"அவளுக்கு நம்ம வழக்கம் இன்னா தெரியும். சாப்ட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்" என்று வாசலில் மாமியார் யாரிடமோ மெதுவாகச் சொல்வது கேட்டது.

ஜாஹிதா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். ரசம் கேட்டாள். தண்ணீர் குடித்துக் குடித்துச் சோற்றை உள்ளே தள்ளினாள். தட்டு காலியாகப் போகும்போதெல்லாம் மறுபடியும் நீட்டினாள்.

போன வருஷம் முன்னியின் புருஷன் மௌத்தாகி அடக்கம் செய்த அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு அங்கே முதலில் போனவள் ஜாஹிதாதான்.