அத்தானுக்கு யோகா

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. தையல்கடையில் நானும் என் மச்சினனும் சீருடைத் துணி மலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். குவியல் கூரையைத் தொட்டதால் மின்விசிறியையே கழற்ற வேண்டியதாயிற்று. எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"அத்தான், உங்களுக்கு ஒரே டென்ஷன். யோகா பண்ணுங்க" என்றான் மச்சினன். "கண்ணை மூடிக்குங்க. வாயையும்தான். மூக்கால மட்டும் மூச்சு. நான் சொல்றவரைக்கும் திறக்கவே கூடாது."

செய்தேன். மூச்சை இழுத்து விட விட, பாயிலிருந்து ஒரு முழம் மேலே மிதந்தேன். கண்ணைத் திறந்தால் சாயங்காலம். தைத்து முடித்த சட்டைகள் வரிசையாகத் தொங்கின. தினமும் இதே அதிசயம். யோகாவின் மகிமையைத் தெரு முழுக்கச் சொன்னேன்.

கடைசி நாள் நான் மிதந்துகொண்டிருந்தபோது என் மனைவி கடைக்கு வந்தாள்.

"என்னடா, உன் அத்தான் இவ்வளவு அமைதியா இருக்காரு?"

"மெதுவாப் பேசுக்கா. டென்ஷன் எனக்கு, யோகா அவருக்கு. அவரு வாயைத் திறந்தா நான் ஒரு பட்டன்கூட வைக்க முடியாது."

பொத்தென்று கீழே விழுந்தேன். முதுகைவிட மனசில்தான் அடி. கூடப்பிறந்தவனாக நினைத்தவன் இப்படிக் கழுத்தறுப்பான் என்று யார் கண்டது! அந்தத் துரோகியோடு இன்றுவரை பேச்சில்லை.

எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. அந்தக் கடைக்கு நான் போனது கதையளக்கத்தான்.