வீட்டுத் தேன்

இயந்திரத்தின் திரையில் வந்த எண்ணை அவள் நம்பவில்லை.

குப்பியை மாற்றி மறுபடி ஓட்டினாள்.

அதே எண்.

குளூக்கோஸ் எங்கிருந்து வந்தாலும் குளூக்கோஸ்தான். பூவில் ஊறினாலும் ஆலையில் காய்ச்சினாலும் அதே ஆறு கார்பன். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. தேனீக்கும் தெரியாது.

ஆனால் கார்பனிலேயே சற்றுக் கனமானது ஒன்று உண்டு. கரும்பு அதைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ரப்பர் மரம் அவ்வளவு எடுக்காது. தேனில் கரும்புச் சர்க்கரை கலந்தால், எப்படிக் கலந்தாலும், இந்த இயந்திரம் பிடித்துவிடும்.

இயந்திரம் புதிது. வியாபாரிகளின் மாதிரிகள் மேசையில் காத்திருந்தன. அவற்றைத் தொடும் முன், சுத்தமானது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு தேனை ஓட்டிப் பார்ப்பது பரிசோதனைக் கூடத்து வழக்கம்.

அவள் எங்கும் தேடவில்லை. காலையில் சமையலறை அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். உடன் வேலை செய்யும் ஷாமிலாவிடம் பெருமையாகக் காட்டி வேறு வைத்தாள். அதில்தான் கரும்பு கலந்திருப்பதாக எண் சொன்னது.

கணவன் கிளாட்சனின் தேன். மார்த்தாண்டத்தில் அவள் அப்பாவின் ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்து எடுப்பது. வாங்க வருகிறவர்களிடம் அவன் ஒன்றுதான் சொல்வான்.

"எங்க வீட்டுக்காரி லேப்ல பாத்த தேனாக்கும்."

அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கட்டினவன் எடுத்த தேனை யாராவது சோதிப்பார்களா? அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாள். வந்தவர்கள் அந்தச் சிரிப்பை நம்பித்தான் வாங்கிப் போனார்கள்.

"மிஷின்ல ஏதோ கோளாறுக்கா" என்றாள் ஷாமிலா. நல்ல பெண். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அவள் வராந்தாவுக்கு வந்து கிளாட்சனை அழைத்தாள்.

"மழையில தேனீக்குச் சீனிப்பாகு வச்சியளா?"

மழைக்காலத்தில் தேனீக்கு உறிஞ்சத் தேன் கிடைக்காது. சாகாமல் இருக்கப் பாகு வைப்பது எல்லாரும் செய்வதுதான். அதில் தப்பே இல்லை. மிச்சம் அடையில் தங்கித் தேனோடு வந்திருக்கலாம்.

ஆமாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீதியை அவளே நம்பிக்கொள்வாள்.

சொல்லுங்களேன், என்று மனசுக்குள் கெஞ்சினாள்.



"யாரு சொன்னா?"

யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்டது பாகு வைத்ததை மட்டும்தான்.

"நம்ம தேன்ல ஒரு மணி சீனி பட்டதில்ல, கேட்டியா? நம்ம பிள்ளையாணச் சொல்லுதேன்."

பொய்ச் சத்தியத்துக்குப் பிள்ளையை இழுத்துவிட்டான். திட்ட வேண்டும் என்றிருந்தது. போனை வைத்தாள்.

உள்ளே வந்தபோது ஷாமிலா எழுந்து நின்றாள்.

"அண்ணன் என்ன சொன்னாங்கக்கா?"

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"மிஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல. அடுத்தத வை."